தூக்க முடியாத சாடி: கொழும்பில் ஒரு வீட்டுத்தோட்டத்தைத் திரும்ப நடுவது

வெள்ளவத்தையில் உள்ள 'வத்த' என்பதற்குச் சிங்களத்தில் தோட்டம் என்று பொருள். கொட்டாஞ்சேனையில் சேனையே இருக்கிறது. பெயர்களில் பயிர் இருக்கிறது, நிலம்தான் இல்லை. கொழும்பில் 'தோட்டம்' என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது, ஒரு பொதுக் குழாயைச் சுற்றி நெருக்கிக் கட்டப்பட்ட சின்ன வீடுகள். காலி வீதிக்கு இருபுறமும் முற்றத்தோடு இருந்த பழைய வீடுகளில் பெரும்பகுதி தொடர்மாடிகளாகிவிட்டது. வடக்கிலும் கிழக்கிலும் இருந்து இடம்பெயர்ந்து வந்த எங்களில் பலருக்குக் கிடைத்தது நான்கடி அகலப் பல்கனி, அல்லது தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மொட்டை மாடியின் ஒரு மூலை.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது அம்மா விட்டுவந்தவை இரண்டு கறுத்தக்கொழும்பான் மா, ஒரு கிணறு, ஒரு கிளுவை வேலி. வெள்ளவத்தையில் வாடகை வீடு மாறி மாறி இருந்த காலத்தில் அவர் ஒரு விதி வைத்திருந்தார்: தனியாளாகத் தூக்கிக்கொண்டு படி இறங்க முடியாத சாடியில் எதையும் நடுவதில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை உட்பட்ட இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றி நகரை விட்டு அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. ஆனால் அம்மாவின் சாடிகள் அதற்குப் பிறகு இன்னும் சிறிதாகின. துளசி, வல்லாரை, ஒரு மிளகாய்க் கன்று, அவ்வளவுதான். கடந்த வருடம் அந்தப் பல்கனியை முழுதாகக் கலைத்துத் திரும்ப நட்டோம். அப்போது கேட்டதும் பிழைவிட்டுக் கற்றதும்தான் கீழே இருக்கிறது.

முதலில் வெயிலைப் பாருங்கள். கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்ரெம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் எங்கள் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் வடக்குப் பார்த்த பல்கனிக்கு மே, ஜூனில் நேர் வெயில் விழும், டிசம்பரில் அது இருண்டுபோகும். தெற்குப் பார்த்ததற்கு இது தலைகீழ். நாங்கள் மார்கழியில் நட்ட கத்தரி ஏன் இலையாகவே வளர்ந்தது என்று பிறகுதான் விளங்கியது. காய் தரும் பயிர்களுக்கு நாளுக்கு 5, 6 மணி நேர வெயில் வேண்டும். பசளி, கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை போன்ற இலைவகைகள் 3, 4 மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். வெயிலே இல்லாத மூலைக்கு ரம்பை.

மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு எதிரி கடற்காற்று. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை அது உப்பைக் கொண்டுவந்து இலைகளில் படிய வைக்கும். இலை நுனி கருகினால் உரக் குறை என்று நினைத்து இன்னும் உரம் போடாதீர்கள். காலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள். காற்று வரும் பக்கத்தில் நித்தியகல்யாணியையோ போகன்வில்லாவையோ வரிசையாக வைத்து, அவற்றின் மறைவில் மிளகாயை வையுங்கள். கொட்டாஞ்சேனையின் உள்வீதிகளில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே பக்கத்துச் சுவர்தான் வெயிலை மறைக்கும்.

பாரத்தைப் பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை. 20 லீற்றர் வாளி நிறைய நனைந்த மண் 30 கிலோவைத் தாண்டும். பத்து வாளி என்றால் பல்கனியில் நாலைந்து பேர் எந்நேரமும் நிற்பதற்குச் சமம். பழைய கட்டடங்களில் பெரிய சாடிகளைப் பல்கனியின் வெளி விளிம்பில் வைக்காமல் சுவரை ஒட்டியோ வளைக்கு மேலாகவோ வையுங்கள். மண்ணின் அளவைக் குறைத்து, கழுவிய தும்புத்தூளைச் சேர்த்தால் பாரம் நன்றாகக் குறையும். கழுவாத தும்புத்தூளில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிய வேண்டும். மேல்மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றும் சம பங்கு என்பதுதான் நாங்கள் பாவிக்கும் கலவை. சாடியின் அடியில் ஒரு பொச்சுமட்டைத் துண்டு. சாடிதான் வேண்டும் என்றும் இல்லை, உரப்பையை இரண்டாக மடித்தாலும் போதும்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே வருட இறுதியில் அது தளர்த்தப்பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வாதம் வயலுக்கானது. பல்கனியில் கூட்டெரு மட்டும் போட்டே இலைவகைகளை வளர்க்கலாம் என்பது என் அனுபவம். மிளகாயும் தக்காளியும் சின்னச் சாடியில் சீக்கிரம் பசியெடுக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிய கூட்டெருவில் இரண்டு கைப்பிடி வேண்டும், அதுவும் போதாதபோது சிறிது உரம் போடுவதில் பாவம் ஒன்றுமில்லை.

யாழ்ப்பாணத்தில் இறைத்துப் பழகிய கைக்குக் கொழும்பு மழை பிடிபட நாளாகும். இங்கே வருடத்துக்குப் பெய்யும் மழை அங்கே பெய்வதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அது மே மாதத்தை ஒட்டியும், ஒக்ரோபர், நவம்பரிலும் உச்சத்துக்குப் போகும். சாடிச் செடிகள் தாகத்தால் செத்ததைவிட வேர் அழுகிச் செத்ததே எங்கள் வீட்டில் அதிகம். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். மிளகாய், தக்காளி நாற்றை ஒக்ரோபரில் கூரைக்குக் கீழே போட்டு, நவம்பரில் மாற்றி நட்டால், ஜனவரியின் காய்ந்த நாட்களில் பூ பிடிக்கும்.

மழை என்றதும் நுளம்பு. 2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள். சாடிக்குக் கீழே வைக்கும் தட்டுத்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் பார்க்கும் இடம். தட்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மணலால் நிரப்புங்கள். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். காய்ந்த தட்டின் விளிம்பில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், ஆகவே தண்ணீரைக் கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். சந்தையில் வாங்கிய கங்குன் தண்டைப் போத்தல் தண்ணீரில் வேர்விட வைக்காமல் நேரே ஈர மண்ணில் குத்துங்கள்.

திரும்ப நடும்போது பெரும்பாலானோர் விடும் பிழை, செத்த செடியின் மண்ணிலேயே அதன் உறவுக்காரனை நடுவது. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். நேற்றுவரை பச்சையாக நின்ற தக்காளி ஒரே நாளில் வாடி விழுந்தால் பற்றீரியா வாடலாக இருக்கலாம். தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள், பால் போல ஒரு நூல் இறங்கினால் அதுதான். அந்த மண்ணைச் சாடிகளில் பாவிக்க வேண்டாம். நோயில்லாத பழைய மண்ணைப் பொலித்தீனில் பரப்பிச் சில வாரம் வெயிலில் காயவிட்டு, புதுக் கூட்டெரு கலந்து, அதில் பயற்றையோ பசளியோ நடலாம்.

விதைக்கு, சந்தேகங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தை அழைக்கலாம். திணைக்களம் சிபாரிசு செய்யும் கத்தரி இனங்களில் ஒன்றின் பெயர் 'தின்னவேலி பேர்ப்பிள்'. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிதான் அந்தத் தின்னவேலி. பெயரைக் கேட்டு அம்மா சிரித்துவிட்டு இரண்டு பக்கற் வாங்கினார்.

செலவு குறையுமா என்று கேட்கிறார்கள். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்த வருடம் ஜூனில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கவே அமைச்சரவை முடிவெடுத்தது. பல்கனியால் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட முடியாது. ஆனால் கறிவேப்பிலை, ரம்பை, பச்சை மிளகாய், வாரத்துக்கு இரண்டு இலைக்கறி என்பது நடக்கக்கூடிய கணக்கு. தக்காளியில் நாங்கள் இதுவரை நட்டம்தான்.

கடைசியாக அம்மா ஒட்டுத் தேசிக் கன்று ஒன்று கேட்டார். வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, பாதியாக வெட்டிய நீல பரலில், வளை வரும் சுவர் மூலையில் நட்டிருக்கிறோம். நானும் தம்பியும் சேர்ந்தாலும் அதை அசைக்க முடியாது. காய்க்க இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். வாடகை ஒப்பந்தம் வருகிற ஆவணியில் முடிகிறது.