ஏறிய குதிரையும் கட்டைவிரல் பூட்டும்

ஊரிகத்துச் சுரங்கங்களில் உழைத்த நம் மக்களுக்கு வெடியின் முதல் விதியை எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வெடிமருந்து ஒரு பெட்டியிற் செல்லும். அதனைத் தூண்டும் டெட்டனேட்டர் வேறொரு பெட்டியிற் செல்லும். துளையில் மருந்திடும் வேளை வரையில் இரண்டும் கூடலாகா. தங்க வயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பெற்றன. விதியோ வெடிமருந்து வழங்கும் இடமெங்கும் நிலைத்திருக்கிறது. இடையிற் செருகும் கைத்துப்பாக்கிக்கும் இவ்விதி பொருந்துமா என்பது, சென்ற நூற்றாண்டில் படைவீரர் நெடுநாள் வாதிட்ட வினாவாகும்.

வாஞ்சிநாதன் மணியாச்சியில் 1911 ஜூன் 17 அன்று ஏந்திய துப்பாக்கியால் பிரௌனிங் என்னும் பெயர் தமிழர் அறிந்ததே. அதே ஆண்டு மார்ச் 29 அன்று, அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வகுத்த .45 அங்குலத் துப்பாக்கியை அந்நாட்டுப் படை ஏற்றுக்கொண்டது. இதன் விசைக்கு ஒரே பணி: பின்னே ஏறி நிற்கும் சுத்தியை விடுவிப்பது. சுத்தி ஏறாதிருப்பின் விசையை எவ்வளவு இழுத்தாலும் குண்டு புறப்படாது. ஆகவே உடனே சுடத்தக்க நிலை என்பது குண்டறையில் தோட்டாவும், ஏறிய சுத்தியுமே. காண்போர் நெஞ்சு பதைக்கும் தோற்றம்தான்!

1910-இல் செய்த மாதிரியில் பிடியை இறுகப் பற்றினாலன்றிச் சுடாத தடுப்பு இருந்தது. கட்டைவிரற் பூட்டு இல்லை. குதிரைவீரனுக்கு ஒரு கையில் கடிவாளம். மறு கையில் சுத்தி ஏறிய துப்பாக்கி. குதிரை மிரண்டால் அதை எவ்வாறு உறையில் இடுவது? குதிரைப்படையினர் வேண்டியதனாலேயே பூட்டு சேர்க்கப்பட்டது. துப்பாக்கிச் சுத்தியைக் 'குதிரை' என்றே நம் பழைய வழக்கு சொல்வதை இங்கு நினைத்து மகிழலாம்.

பூட்டு வந்த பின்னும் படை அதனை முழுதும் நம்பவில்லை. தேவை அண்மையில் இல்லையெனில் தோட்டாக்கூடு நிறைந்திருக்கலாம். குண்டறை வெறுமையாய், சுத்தி இறங்கியிருக்க வேண்டும் என்று 1940-ஆம் ஆண்டின் அமெரிக்கப் படைக் கையேடு விதித்தது. தேவை நெருங்கினால் மட்டுமே தோட்டாவை ஏற்றிப் பூட்டிட வேண்டும். பின்னாளில் ஜெஃப் கூப்பர் என்னும் முன்னாள் கடற்படைக் காலாள் அதிகாரி, ஏற்றிப் பூட்டிய நிலையே சிறந்ததென வாதிட்டுப் புகழ் பெற்றார். ஓயாது பயின்ற கைக்கு அவர் கூற்று பொருந்தலாம். பயிற்சி குறைந்த காவலருக்குப் பழைய கையேடே நல்ல துணை என்பது எம் கருத்து.

மூன்றாம் வழியொன்றும் உண்டு, வஞ்சகமானது. குண்டறையில் தோட்டா இருக்க, சுத்தியைக் கட்டைவிரலால் தாங்கி, விசையை இழுத்து மெல்ல இறக்குவது. பார்வைக்கு அமைதியான நிலைதான். ஆனால் வியர்த்த விரல் வழுக்கினால் குண்டு பாயும்.

பூட்டு சுத்தியைத்தான் தடுக்கும். தோட்டாவைக் குத்தும் ஊசியைத் தடுக்காது. வாய்ப்புறம் கீழாகத் துப்பாக்கி விழுந்தால் ஊசி தானே முன்னோடித் தோட்டாவைத் தாக்கக்கூடும். விசையை இழுக்கும் வரையில் ஊசியை மறிக்கும் உட்கட்டையை கோல்ட் நிறுவனம் 1983-இல்தான் சேர்த்தது. அக்கட்டை இல்லாத பழைய துப்பாக்கிகளில், வெறுமையான குண்டறை ஒன்றே சுரங்க விதிக்கு ஈடாகும்.

குண்டறையை வெறுமையாக்குவதிலும் முறையுண்டு. முதலில் தோட்டாக்கூட்டைக் கழற்ற வேண்டும்; பின்னரே மேற்சட்டத்தை இழுத்துக் குண்டறைத் தோட்டாவை வெளியேற்ற வேண்டும். முறை மாறினால், வெளியேறிய தோட்டாவின் இடத்தில் கூட்டிலிருந்து மற்றொன்று ஏறிவிடும். அதன்பின் கூட்டைக் கழற்றியவன், துப்பாக்கி வெறுமை என்றெண்ணி அதனை மேசைமேல் வைப்பான்.