பென்சில் தொட்ட முகம், மவுஸ் தொட்ட முகம்

எங்கள் வீட்டு ஆசாரத்தில் அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், படங்கள் இரண்டு மாட்டியிருக்கின்றன. ஒன்று, 1960களில் திருப்பூர் ஸ்டூடியோ ஒன்றில் அப்பச்சியோடு நின்று எடுத்தது. பின்னால் தூணும் படிக்கட்டும் வரைந்த திரை. மற்றது, அவர் இறந்தபின் ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து தலையையும் தோளையும் வெட்டியெடுத்து, அருவியும் மேகமும் சேர்த்துச் செய்தது. இரண்டிலுமே முகத்தில் கை வைத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டாவதைப் பார்த்ததும் பெரியம்மா, "யாரு கண்ணு இது?" என்றுதான் கேட்டார்.

பழைய படத்தின் நெகட்டிவ் காகித உறையில் இன்னும் இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், கண்ணுக்குக் கீழும் மூக்கோரத்திலும் பென்சில் கரி மினுக்குவது தெரியும். ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறிய கீற்று. நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். முகத்துக் கருவளையம் அங்கே தெளிந்து கிடக்கும். அதில் கரி ஏற்றினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். வழுவழுப்பான பிலிமில் பென்சில் ஒட்டாது என்பதால் டர்பன்டைனில் கரைத்த பிசினை முதலில் தேய்ப்பார்கள். சாய்வு மேசையில் நெகட்டிவை வைத்து, அடியிலுள்ள கண்ணாடியால் சன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பி, ஊசியாய்ச் சீவிய பென்சிலால் தொட வேண்டும். பிரிண்டில் ஓர் இடத்தைக் கருக்க வேண்டுமானால் கத்தியால் சுரண்டுவார்கள். சுரண்டியது சுரண்டியதுதான்.

பென்சிலும் முகத்தை வெளுக்கவே செய்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. சிவப்பை உணராத அந்தக்கால பிலிம்களில் நம் மாநிறம் உள்ளதைவிடக் கறுத்து, திட்டுத்திட்டாக விழும். பென்சில் அதை ஓரளவு ஈடுகட்டியது. ஆனால் ஒரு கீற்றுக்கு ஒரு புள்ளிதான் வெளுக்கும். முகம் முழுவதையும் மாற்றிவிடக் கைக்கு நேரமும் இல்லை, துணிச்சலும் இல்லை.

முகம் திருத்துவது நம்மூர்ப் பழக்கம் மட்டுமில்லை. ஜெர்மனியின் ஃப்ரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல் 1855 பாரிஸ் கண்காட்சியிலேயே திருத்திய பிரதியையும் திருத்தாத பிரதியையும் அருகருகே வைத்துக் காட்டினார். ஒட்டிச் சேர்ப்பதும் கம்ப்யூட்டரோடு வந்ததில்லை. 1857இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் சுமார் 30 நெகட்டிவ்களை இணைத்து ஒரே படம் செய்தார். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கில் மின்னாக்கம் செய்திருக்கிறது. அம்மாயியைப் போலத் திரை முன் நின்றவர்கள் ஊர் ஊருக்கு இருந்தார்கள்.

அந்தத் திரையைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். தூண் நிஜமில்லை என்பது யாருக்கும் தெரியும். திரையின் கீழ் விளிம்பு தரையில் மடங்கிக் கிடப்பதுகூடப் படத்தில் இருக்கிறது. ஆனாலும் கண் உறுத்தவில்லை. இடப்பக்கத்துச் சன்னல் வெளிச்சம் அம்மாயி கன்னத்தில் விழுகிறது, அதே வெளிச்சம் திரையின் சுருக்கத்திலும் விழுகிறது. கால் நிழல் திரையடியில் போய்ப் படிகிறது. ஆளும் பின்னணியும் ஒரே அறையில், ஒரே நொடியில் இருந்திருக்கிறார்கள்.

புதிய படத்தில் அப்படி இல்லை. மண்டபத்து வீடியோ லைட் வலப்பக்கமிருந்து அடித்த முகம் அது. அருவிக்குப் பின்னாலிருந்து வெயில் வருகிறது. முடியோரத்தில் மண்டபச் சுவரின் வெள்ளை நூல்போல ஒட்டியிருக்கிறது. தோடு பாதி வெட்டுப்பட்டுவிட்டது. கருவியைக் குறை சொல்ல முடியாது. நோல் சகோதரர்களின் ஃபோட்டோஷாப் 1990இல் வெளிவந்தது. 1994இல் லேயர் வந்தபின், அசலைத் தொடாமல் மேலே வேலை செய்து, பிடிக்காவிட்டால் நீக்கிவிடலாம். 2002இல் வந்த ஹீலிங் பிரஷ், தோலின் சொரசொரப்பைக் காத்துக்கொண்டே பருவை மட்டும் எடுக்கும். பென்சில்காரருக்குக் கனவிலும் கிடைக்காத வசதிகள். ஆனால் ஒரே இழுப்பில் முழு முகத்தையும் வெளுக்கிற வசதியும் அதில்தான் இருக்கிறது. எங்கள் படத்தைச் செய்தவர் அதைத்தான் எடுத்தார். அம்மாயியின் இடது கன்னத்து மச்சம் காணாமல் போனது அப்படித்தான்.

திருப்பூரில் இருந்துகொண்டு இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கே ஒரு நிறத்தை முடிவு செய்ய லேப் டிப் என்னும் சாய மாதிரி போட்டு, லைட் பாக்ஸில் டி65 பகல் வெளிச்சத்திலும் கடை விளக்கு வெளிச்சத்திலும் மாற்றி மாற்றிப் பார்த்து, பையர் சரியென்ற பிறகே துணி சாயத்துக்குப் போகும். கேட்லாக் படத்தில் டீ-ஷர்ட்டின் ஷேடு மாறக் கூடாது. நுண்ணிய ரிப் துணியில் கேமரா காட்டும் மோய்ரே அலைகளை உட்கார்ந்து நீக்குகிறார்கள். துணிக்கு இவ்வளவு காவல் இருக்கும் ஊரில், அதைத் தைக்கிற பெண்ணின் முகம் ஸ்டூடியோ படத்தில் கேட்காமலே இரண்டு ஷேடு வெளுத்து வருகிறது. எனக்கு இதில் கோபம் உண்டு.

அந்த குரூப் போட்டோவை வேறொரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். பழைய பிரிண்டையும் பக்கத்தில் வைத்தேன். வேலை செய்த தம்பி முதலில் கேட்டது, "லைட் எந்தப் பக்கம்ணா இருந்துச்சு?" என்பதுதான். அருவி வேண்டாமென்று அவரே சொல்லி, வலமிருந்து மெல்ல மங்கும் சாம்பல் பின்னணி போட்டார். முடியோரத்து வெள்ளையை மாஸ்கில் இழை இழையாக எடுத்து, பின்னணியின் நிறத்தைக் கொஞ்சம் அங்கே ஏற்றினார். நெற்றிச் சுருக்கத்தைக் குறைக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பெரியம்மா படத்தை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கன்னத்து மச்சத்தில் விரல் வைத்தார். "இங்கதான் மஞ்சள் அப்பி வெச்சிருக்கும் எங்கம்மா," என்றார்.