சத்திரசிகிச்சையும் தமிழும்: விதைநாள வீக்கத்தை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

சத்திரசிகிச்சையின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக மாத்திரம் காண்பது அதன் சமூக அடித்தளத்தை மறைப்பதாகும். பூப்புக்கால ஆண்பிள்ளைகளிடம் தோன்றும் விதைநாள வீக்கம் இதற்குத் தக்க சான்று. விதையிலிருந்து குருதியை மீளக் கொண்டுசெல்லும் நாளங்கள் விரிந்து முறுகுவதே இந்நோய். ஏறத்தாழ நூற்றுக்குப் 15 இளைஞரிடம் இது காணப்படும். இடப்புற விதைநாளம் சிறுநீரக நாளத்துடன் செங்கோணமாக இணைவதால், பெரும்பாலும் இடப்புறத்திலேயே தோன்றும். பலருக்கு வலியோ சிகிச்சைத் தேவையோ இராது. சிலருக்கு விதையின் வளர்ச்சி குன்றும். பிற்காலத்தில் மகப்பேறும் தடைப்படலாம்.

1949இல் பலோமோ விவரித்த முறையில், வயிற்றின் பக்கத்தே கீறி, நாளமும் நாடியும் ஒருங்கே கட்டப்பட்டன. 1990களில் உள்நோக்குக் கருவியின் துணையுடன் சிறுதுளைகள் வழியே அதே பணி நிகழலாயிற்று. நிணநீர்க் கலன்களைக் காத்துக் கட்டும் முறையோ பின்விளைவாகிய ஓதத்தைக் குறைத்தது. காயம் இவ்வாறு சிறுத்தது. ஆயின் நாணத்தால் வாய்திறவாத சிறுவனுக்கு நோயின் பெயரே தெரியாதவிடத்து இம்முன்னேற்றம் எங்ஙனம் பயன்படும்?

இவ்விடத்து மானிப்பாயில் பணியாற்றிய வைத்தியர் கிறீனின் முயற்சி மனங்கொள்ளத்தக்கது. 1847இல் இலங்கை வந்த அவர், அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராகப் பயிற்றினார். தமிழிலேயே கற்பிக்கவும் முற்பட்டார். 1867இல் ‘இரண வைத்தியம்’ வெளிவந்தது. அவர் சார்ந்த மிசனின் நோக்கம் மதப் பரம்பலே. எனினும் நோயாளியின் மொழியே மருத்துவனின் மொழியாக வேண்டுமென்ற கொள்கை முற்போக்கானது. 1873இல் அவர் நாடு திரும்பினார். குடியேற்ற ஆட்சியில் உத்தியோகமும் அந்தஸ்தும் ஆங்கிலத்தையே சார்ந்திருந்தமையால், மருத்துவக் கல்வி அம்மொழிக்கே உரியதாயிற்று.

அம்முரண்பாடு இன்றும் தீரவில்லை. தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பரீட்சைத்தாள்கள் வழியே வடபுல மாணவர் உயிரியலைத் தமிழில் பயில்கின்றனர். அவர்களுள் சிலர் 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துட் புகுந்ததும் ஆங்கிலத்துக்கு மாறுகின்றனர். தமிழிற் கற்ற உயிரியல் நோயாளியிடம் திரும்பி வருவதற்கான பாதை அங்கேயே அறுபடுகின்றது. தொண்டைமானாற்று மீனவர் மகனுக்கு அரச வைத்தியசாலையிற் கட்டணமில்லை. தன் உடலைப்பற்றிக் கேட்பதற்கான சொல்லோ அவனிடம் இல்லை. அச்சொல்லைச் சுகாதாரப் பாடத்திலும் சத்திரசிகிச்சைச் சம்மதப் படிவத்திலும் இடம்பெறச் செய்தல், தமிழாய்வாளரும் மருத்துவரும் கூடிச் செய்யவேண்டிய பணியாகும்.