கைரேகையும் டிஎன்ஏவும்: குற்றவாளியைக் காட்டும், நிரபராதியைக் காக்கும்

டிஎன்ஏ, கைரேகை என்றாலே குற்றவாளியைப் பிடிக்கும் கருவிகள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். செய்யாத குற்றத்தில் சிக்கியவரை விடுவிப்பதும் இவற்றின் வேலைதான். அதே சமயம், தடயத்தைப் படிப்பவர் தவறினால் அதுவே ஓர் அப்பாவியைச் சிறைக்கு அனுப்பிவிடும். இரண்டுக்கும் வரலாற்றில் சான்றுகள் உள்ளன.

கைரேகையும் ஒரு வங்காள முஸ்லிமும்

விரல் நுனி ரேகைகள் தாயின் கருவறையிலேயே உருவாகின்றன. அவற்றின் அமைப்பு ஆயுள் முழுவதும் மாறுவதில்லை. டிஎன்ஏ ஒத்திருக்கும் இரட்டையர்களுக்குக்கூட கைரேகை வேறுபடும்.

ஆயிரக்கணக்கான ரேகைப் பதிவுகளில் ஒன்றை எப்படித் தேடி எடுப்பது என்பதே அன்று பெரிய சிக்கல். அதைத் தீர்த்ததில் முக்கியப் பங்கு வங்காளத்தைச் சேர்ந்த காஜி அஜீஸுல் ஹக் என்பவருக்கு உண்டு. காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ் பணியாற்றிய அவர், ரேகைகளை 1,024 பிரிவுகளில் அடக்கும் கணித முறையை வகுத்தார். சக அதிகாரி ஹேம் சந்திர போஸும் இப்பணியில் பங்காற்றினார். 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் தொடங்கப்பட்டது. 1901-ல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டும் இம்முறையை ஏற்றது. ஆனால் அதற்குக் கிடைத்த பெயர் 'ஹென்றி முறை' என்பதே.

டிஎன்ஏ முதலில் விடுவித்தது

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியில் 1983-லும் 1986-லும் 15 வயதுச் சிறுமியர் இருவர் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டாவது கொலையைத் தானே செய்ததாக 17 வயது இளைஞர் ஒருவர் போலீசாரிடம் ஒப்புக்கொண்டார். முதல் கொலையும் அவருடையதே என்று நிரூபிக்க எண்ணிய போலீசார், லெஸ்டர் பல்கலைக்கழக விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரிஸை நாடினர். 1984-ல் டிஎன்ஏ அடையாள முறையைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. இரண்டு கொலைகளையும் செய்தவன் ஒரே ஆள். ஆனால் அந்த இளைஞர் அல்ல! ஒப்புதல் வாக்குமூலமே இருந்தும் டிஎன்ஏ அவரை விடுவித்தது.

பின்னர் சுற்றுவட்டாரத்தில் சுமார் 5,000 ஆண்களின் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன. உண்மைக் குற்றவாளியான காலின் பிட்ச்ஃபோர்க், தனக்குப் பதிலாக உடன் வேலை பார்த்த ஒருவரை இரத்தம் கொடுக்க வைத்துத் தப்பித்திருந்தான். அந்த நபர் பேச்சுவாக்கில் இதை உளறியதால் சிக்கினான். 1988-ல் அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

கைரேகை தவறாகப் படிக்கப்பட்டபோது

2004 மார்ச் 11 அன்று ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். வெடிகுண்டுக்கான டெட்டனேட்டர்கள் இருந்த பை ஒன்றில் கைரேகை கிடைத்தது. அமெரிக்காவின் எஃப்பிஐ அதைத் தன் கணினியில் தேடியபோது, ஒத்திருக்கக்கூடிய 20 பேரின் பட்டியல் வந்தது. அதில் ஒருவர் ஓரிகன் மாநில வழக்கறிஞரும் முன்னாள் ராணுவ வீரருமான பிராண்டன் மேஃபீல்டு. ரேகை அவருடையதே என்று எஃப்பிஐ நிபுணர்கள் உறுதியாகக் கூறினர்.

ஸ்பெயின் போலீசார் ஏப்ரலிலேயே பொருத்தம் இல்லை என்று தெரிவித்தும், மே 6 அன்று அவர் கைது செய்யப்பட்டார். அது அல்ஜீரியர் ஒருவரின் ரேகை என்று ஸ்பெயின் கண்டறிந்த பிறகே, இரண்டு வாரம் கழித்து அவர் வெளியே வந்தார். எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது. 2006-ல் அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது.

மேஃபீல்டு இஸ்லாத்தைத் தழுவியவர். முதலில் ரேகையை ஒப்பிட்டபோது நிபுணர்களுக்கு இது தெரியாது. ஆனால் பிறகு தெரிய வந்த இந்த விவரம், தவறை மறுபரிசீலனை செய்யாமல் விட்டதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கை கூறியது. மேஃபீல்டின் ரேகையைப் பார்த்த பின்பு, தெளிவற்ற தடயத்திலும் அதே அம்சங்களை நிபுணர்கள் 'கண்டதாகவும்' அது சுட்டிக்காட்டியது.

நாம் அறிய வேண்டியது

ஒரு பொருளில் ஒருவரின் கைரேகை இருந்தால், அதை அவர் தொட்டிருக்கிறார் என்று பொருள். எப்போது, எதற்காகத் தொட்டார் என்பதை அது சொல்லாது. டிஎன்ஏவும் ஒருவரின் கையிலிருந்து மற்றொருவர் வழியாக வேறோர் இடத்துக்குப் போய்ச் சேரலாம். எனவே தடயத்தோடு மற்ற சாட்சியங்களும் பொருந்த வேண்டும். ஒரு நிபுணரின் முடிவை, அதை அறியாத மற்றொருவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

ஒருவர் கைதானார் என்ற செய்தி வந்தவுடனேயே அவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டி வாட்ஸ்அப்பில் பரப்புவோர் இந்த இரு வழக்குகளையும் நினைவில் கொள்வது நல்லது. தானே ஒப்புக்கொண்டவரும் நிரபராதியாக இருந்தார். நிபுணர்கள் உறுதியாகச் சொன்னவரும் நிரபராதியாகவே இருந்தார்.