கிராணிகளின் மைதானம்

மலேசியத் தமிழ்ப் புனைவில் ஒரு ஹாக்கி மட்டையைத் தேடிப் பாருங்கள்; லேசில் அகப்படாது. பால்மரம் இருக்கும், லயம் இருக்கும், கள்ளுக்கடை இருக்கும், சயாம் மரண ரயில் இருக்கும். தோட்டத் திடலில் நடந்த கால்பந்துகூட அங்கங்கே எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஆனால் நம்ம ஆளுங்க முன்னால் நின்று ஆடி, இந்த நாட்டை உலகக் கோப்பையில் நாலாவது இடம் வரைக்கும் கொண்டுபோன ஆட்டத்துக்கு அந்த ஓரம்கூடக் கிடைக்கவில்லை. காரணத்தை ஊகிக்கலாம். ஹாக்கி தோட்டத்து ஆட்டம் இல்லை, கிராணிமார் ஆட்டம். நம் இலக்கியத்தில் கிராணி என்றால் பெரும்பாலும் வில்லன்தானே.

அந்தக் கிராணிகள் கோலாலம்பூரில் தொடங்கிய சங்கம் ஒன்று நூறு வருடத்தைத் தாண்டிவிட்டது. பெயர் டமிலியன் ஃபிசிக்கல் கல்ச்சர் அசோசியேஷன். எல்லாரும் சொல்வது டி.பி.சி.ஏ. தொடங்கிய ஆண்டு 1914. செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கம் அதன் மைதானம் இருக்கிறது.

இதைத் தொடங்கியவர்கள் இலங்கைத் தமிழர்கள். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன்காரர்கள் 1823-லேயே வட்டுக்கோட்டையில் செமினரி திறந்துவிட்டார்கள். அதனால் மலாயாவில் பிரிட்டிஷ்காரனுக்கு ஆங்கிலம் தெரிந்த எழுத்தர் தேவைப்பட்டபோது ஆள் தயாராக இருந்தது. 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில் ஓடியது. அடுத்த வருடமே கோலாலம்பூர்–கிள்ளான் பாதை திறந்தது. டிக்கெட் கொடுப்பது, கணக்கு எழுதுவது, ஸ்டேஷன் மாஸ்டர் வேலை, தபால், கருவூலம் என்று எங்கு பார்த்தாலும் யாழ்ப்பாணத்தார். ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்த பிரிக்ஃபீல்ட்ஸும் ரயில் பட்டறை இருந்த செந்தூலும் அவர்கள் ஊராகவே ஆகிப்போனது. வந்த வேகத்தில் சங்கம் கட்டினார்கள். 1900-ல் சிலாங்கூர் சிலோன் தமிழர் சங்கம், 1904-ல் விவேகானந்தா ஆசிரமம், ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயில். சாமிக்கும் படிப்புக்கும் இடம் கிடைத்த பிறகு உடம்புக்கு ஒரு சங்கம்.

பெயரில் இருக்கும் 'ஃபிசிக்கல் கல்ச்சர்' அந்தக் காலத்தின் மந்திரச்சொல். ஜெர்மன் பயில்வான் யூஜின் சாண்டோ 1904–05-ல் இந்தியா முழுக்கச் சுற்றித் தன் உடம்பைக் காட்டிவிட்டுப் போனார். ஆளப்படுகிறவன் உடம்பில் வலுவில்லாதவன் என்று ஆளுகிறவன் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குப் பதிலாகத்தான் ஆசியா எங்கும் உடற்பயிற்சிச் சங்கங்கள் முளைத்தன. ஷாங்காயில் 1910-ல் தொடங்கிய சின் வூ சங்கம் 1921-ல் கோலாலம்பூருக்கு வந்தது. அதுவும் இதே காற்று. டி.பி.சி.ஏ. அதற்கு ஏழு வருடம் மூத்தது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பேரேடு எழுதுகிற ஆள், 'நான் பேனா பிடிக்க மட்டும் பிறந்தவன் இல்லை' என்று சொல்ல நினைத்திருக்கிறான். சங்கத்தின் பெயரே அதைத்தான் சொல்கிறது.

சொல்வதற்கு ஓர் இடம் வேண்டுமே. 1884-ல் தொடங்கிய சிலாங்கூர் கிளப்பின் முன்னால் இருந்த பாடாங்தான் நகரத்தின் பெரிய திடல் (இப்போது மெர்டேக்கா சதுக்கம்). கிளப் வெள்ளைக்காரர்களுடையது. மற்றவர்கள் அவரவர் இனத்துக்கு ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். மலாய்க்காரர், சீனர், யுரேசியர், சீக்கியர், இலங்கைத் தமிழர், இந்தியர் என்று தனித்தனி கிளப், தனித்தனி அணி. வேலை நேரத்தில் யார் யாருக்குக் கீழே என்பது முடிவான விஷயம். சாயங்காலம் திடலில் மட்டும் பதினொரு பேருக்குப் பதினொரு பேர் எதிரில் நிற்கலாம். காலனி அரசு இனவாரியாகப் பிரித்து வைத்ததைத்தான் விளையாட்டும் பிரதி எடுத்தது. ஆனாலும் வாராவாரம் ஒருத்தரை ஒருத்தர் எதிர்த்து ஆடி, எதிரியின் ஆட்டத்தைத் தெரிந்துகொண்டதும் அந்த ஏற்பாட்டில்தான்.

ஏன் ஹாக்கி? ஆங்கிலப் பள்ளிகளில் அது இருந்தது. விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் (1893), மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி (1897) மாதிரியான இடங்களில் படித்த பையன்கள் மட்டையோடுதான் வேலைக்கு வந்தார்கள். 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா தங்கம் வாங்கிய பிறகு, இது கறுத்த தோல்காரன் ஜெயிக்கிற ஆட்டம் என்பதும் உறுதியாகிவிட்டது. அந்த உற்சாகம் கடல் தாண்டி வராமலா இருக்கும்?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. சங்கத்தின் பெயரில் 'தமிழர்' என்று இருந்தாலும், பத்திருபது மைல் தள்ளி, கிள்ளானைச் சுற்றிய ரப்பர் காட்டில் இருந்த தமிழர்கள் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது தோட்டத் தமிழ்ப்பள்ளி, பிறகு பால்வாளி. மட்டை, காலணி, சந்தா, சாயங்காலம் சும்மா இருக்கும் நேரம் எல்லாமே மாதச் சம்பளக்காரர்களின் சொத்து. ஒரு காற்றடைத்த பந்து இருந்தால் முப்பது பேர் கால்பந்து ஆடலாம். ஹாக்கிக்கு ஆளுக்கொரு மட்டை வேண்டும். சிலோன்காரன், இந்தியாக்காரன் என்ற பிரிவு கோயிலில் இருந்தது, கல்யாணத்தில் இருந்தது, திடலிலும் இருந்தது. டி.பி.சி.ஏ.வைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஆனால் அந்தத் திடல்களில் தொடங்கியது அங்கேயே நிற்கவில்லை. 1956 மெல்பர்ன், மலாயா கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக். மைக் ஷெப்பர்ட்சன் தலைமையில் போன ஹாக்கி அணியில் சண்முகநாதன், செல்வநாயகம், தேவேந்திரன் என்ற பெயர்கள் இருந்தன. நாடு சுதந்திரம் அடைய இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மலாயாவுக்கு வெண்கலம். இனச் சங்கங்களில் தனித்தனியாக வளர்ந்தவர்கள் ஒரே சட்டை போட்டபோது கிடைத்தது அது.

உச்சம் 1975 மார்ச், கோலாலம்பூரில் நடந்த மூன்றாவது உலகக் கோப்பை. பயிற்சியாளர் ஹோ கோ சை. கேப்டன் ஸ்ரீ சண்முகநாதன். கூடவே மகேந்திரன், பாலசிங்கம், பழனிசாமி, பத்மராஜா. அவர்களோடு கைருடின் சைனல், வோங் சூன் ஹின், பூன் ஃபூக் லோக், மொஹிந்தர் சிங், ஃபிராங்கோ டி'குரூஸ். இந்தப் பட்டியலை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். நாட்டின் எல்லா வாசலும் அதில் இருக்கிறது. நடப்புச் சாம்பியன் நெதர்லாந்தை 2–1 என்று வீழ்த்தினார்கள். அரையிறுதியில் எதிரே இந்தியா. சென்னைக்காரர் வி.ஜே. பிலிப்ஸ் இருந்த அணி அது. மலேசியா 2–1 முன்னிலையில் இருந்தது. முடிய சில நிமிடங்களே பாக்கி. மாற்று ஆட்டக்காரராக வந்த அஸ்லாம் ஷேர் கான், கழுத்தில் இருந்த தாயத்தை முத்தமிட்டுவிட்டு பெனால்டி கார்னரை அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் போட்ட கோலில் 3–2. இந்தியா இறுதிக்குப் போய்ப் பாகிஸ்தானையும் ஜெயித்துக் கோப்பையை வாங்கியது. மலேசியாவுக்கு நாலாவது இடம். அதற்கு மேலே நாம் இன்றுவரை போனதில்லை.

அடுத்த வருடமே அடி விழுந்தது. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரை. இந்தியா ஏழாவது, மலேசியா எட்டாவது, தங்கம் நியூசிலாந்துக்கு. புல்லில் பந்து எப்படித் துள்ளும் என்று தெரியாது. அதனால் மணிக்கட்டும் ஏமாற்றும் வேண்டும். செயற்கைத் தரையில் பந்து நேராக, வேகமாக ஓடும். அங்கே மூச்சும் கால் வேகமும் ஜெயிக்கும்.

ஆட்டம் மாறியது பாதிக் கதை. ஒரு பொறியாளனாக எனக்குப் பெரிதாகப் படுவது மறுபாதி. புல் திடலுக்கு மண்ணைச் சமன் செய்து, காணு வெட்டி, வாரம் ஒருமுறை புல் வெட்டினால் போதும். அதைக் கிராணிகள் சந்தா பிரித்தே செய்துவிட்டார்கள். செயற்கைத் தரைக்கு அடியில் சரளைக்கல் அடுக்கு, அதன்மேல் தார், அதன்மேல் அதிர்வு தாங்கும் மெத்தை, அப்புறம்தான் கம்பளம். ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் தெளிக்கக் குழாயும் பம்பும் வேண்டும். சில வருடங்களில் கம்பளம் தேய்ந்துவிடும், மறுபடி போட வேண்டும். ஒரு சமூகச் சங்கம் இதை எங்கே தாங்கும்? ஆட்டம் அரசாங்க அரங்கத்துக்கும் பெரிய நிறுவனங்களின் அணிகளுக்கும் போனது. 1987-ல் தேசிய லீக் வந்தபோது மின்சார வாரியமும் வங்கியும் அணி வைத்திருந்த காலம் அது. 1998 காமன்வெல்த் போட்டிக்குப் புக்கிட் ஜாலிலில் தேசிய ஹாக்கி அரங்கம் எழுந்தது.

அதே சமயத்தில் கிராணிகளும் இல்லாமல் போனார்கள். 1971-க்குப் பிறகு அரசாங்க வேலையின் முகம் மாறியது. பிள்ளைகள் டாக்டர், வக்கீல் ஆகி பெட்டாலிங் ஜெயாவுக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். பிரிக்ஃபீல்ட்ஸின் நூறு குவார்ட்டர்ஸ் பத்து, பன்னிரண்டு வருடத்துக்கு முன் இடிக்கப்பட்டது. ஹாக்கியில் தமிழர்கள் தொடராமல் இல்லை. 2010 குவாங்சோவில் மலேசியா முதன்முறையாக ஆசிய விளையாட்டு இறுதிக்குப் போனபோது கோல் காத்தவர் தம்பினைச் சேர்ந்த எஸ். குமார். அவர் காலத்தில் தேசிய அணிக்குப் போகும் வழி சங்கத் திடலின் வழியாக இல்லை.

டி.பி.சி.ஏ.வின் சாதனை என்னன்னு கேட்டால் கோப்பை அலமாரியைக் காட்டலாம். எனக்கு அந்தத் திடல்தான் சாதனை. நிலத்தின் விலை சதுர அடிக்கு எண்ணப்படும் இந்த நகரத்தில், சம்பளக்காரர்கள் சேர்ந்து உண்டாக்கிய ஒரு மைதானம் நூறு வருடம் கழித்தும் மைதானமாகவே இருக்கிறது.

1975-ல் ஆடியவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். அவர்களுக்கு முந்தைய தலைமுறையின் படங்கள் ஏதாவது ஒரு வீட்டு அலமாரியில், ஆண்டுவிழா மலருக்குள் கிடக்கும். நாற்காலியில் ஒரு வரிசை, பின்னால் நிற்கிற வரிசை, தரையில் இரண்டு பேர், குறுக்கே வைத்த மட்டைகள். கீழே இருக்கும் பெயர்களை வாசித்து, இது யார், எந்த இலாகாவில் இருந்தார், எந்த இடத்தில் ஆடினார் என்று சொல்ல இன்னும் சில பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதுகிற வேலை பாக்கி இருக்கிறது. அது எழுதப்பட்டால், நம் கதைகளில் வரும் கிராணிக்கும் ஆபீஸ் முடிந்து ஒரு சாயங்காலம் கிடைக்கும்.