பேர் சொல்லாததின் ஊர்சுற்றல்

ஒலக்கூர், திண்டிவனம் பக்கத்தில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் வசம்பு இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விளக்குச் சுடரில் சுட்டு, கல்லில் உரசி, குழந்தையின் நாக்கில் ஒரு தீற்று. மாந்தம், வயிற்று உப்புசம், காரணம் தெரியாத அழுகை எல்லாவற்றுக்கும் பாட்டிமாரின் முதல் வைத்தியம் இதுதான். துண்டுகளைத் துளையிட்டுக் கறுப்புக் கயிற்றில் கோத்தால் கைக்கு வளையல். செல்லப் பெயர் பிள்ளை வளர்ப்பான். விளக்கு வைத்த பிறகு கடையில் வசம்பு என்று கேட்கக் கூடாது, ‘பேர் சொல்லாதது’ என்றுதான் கேட்க வேண்டும் என்பார்கள். இப்படிச் சீராட்டப்படும் சரக்கை 1968இல் அமெரிக்க அரசு உணவுப் பட்டியலிலிருந்தே துரத்தியது. அந்தக் கதை நம் ஜம்முவைத் தொட்டுக்கொண்டு போகிறது.

வசம்பு ஈரநிலத்துச் செடி. நம் மணிலாக்கொட்டைக் கொல்லைகளில் அது வளராது. கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்துக் கொரட்டகெரெ வட்டாரத்தில் நெல்லைப் போல சேற்று வயலில் நட்டு வளர்க்கிறார்கள். வாள் போன்ற இலை, சேற்றுக்குள் ஓடும் கிழங்கு. வாசனை, காரம், மருந்து, வம்பு எல்லாம் அந்தக் கிழங்கிலிருக்கும் எண்ணெயில்தான்.

ஐரோப்பியரிடம் முதலில் போய்ச் சேர்ந்தது பெயர் மட்டும். பழைய கிரேக்க நூல்களில் அக்கோரஸ் என்றொரு மூலிகை இருந்தது, கையில் செடி இல்லை. கேட்டு வருபவரை வெறுங்கையோடு அனுப்ப எந்த மருந்துக் கடைக்காரருக்குத்தான் மனம் வரும்? குளக்கரையில் மஞ்சளாகப் பூக்கும் ஐரிஸ் செடியின் கிழங்கை அந்தப் பெயரில் விற்றார்கள். அந்தப் போலிச் சரக்குக்குப் பின்னாளில் லின்னேயஸ் ‘பொய் அக்கோரஸ்’ என்ற பொருளிலேயே அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். போலி என்ற முத்திரை இன்றும் அதன் நெற்றியில் இருக்கிறது.

அசல் செடி 16ஆம் நூற்றாண்டில் துருக்கி வழியாக வந்தது. கான்ஸ்டான்டினோப்பிளில் ஆஸ்திரிய ஆட்சியாளரின் தூதராக இருந்தவர் புஸ்பெக். துலிப் மலரை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவர் என்று பெயர் வாங்கியவர். இன்று இஸ்மித் எனப்படும் நிக்கோமீடியாவுக்கு அருகிலிருந்த ஏரியிலிருந்து வசம்பை எடுத்து, மத்தியோலி என்ற மருத்துவருக்கு அனுப்பியவரும் இவரே. 1574இல் வியன்னாவில் குளூசியஸ் என்ற தாவரவியலாளர் அதை வளர்த்து, கிழங்குத் துண்டுகளை ஊர் ஊராக நண்பர்களுக்கு அனுப்பி வைத்தார். இந்த ஐரோப்பிய வசம்பு விதையே வைக்காது. அக்கண்டத்துக் குளங்களில் இன்று நிற்பதெல்லாம் யாரோ வெட்டிக் கொடுத்த துண்டிலிருந்து, அல்லது வெள்ளம் அடித்துக்கொண்டு போன துண்டிலிருந்து வந்தவை. போலந்துக்காரர்களோ, தண்ணீரைச் சுத்தப்படுத்தத் தாத்தாரியக் குதிரை வீரர்கள் நட்டுவிட்டுப் போனது என்று வேறு கதை சொல்கிறார்கள்.

போன இடத்திலெல்லாம் அதற்கு ஒரு வேலை கிடைத்தது. இங்கிலாந்தில் நாரிச் தேவாலயத் தரையில் திருவிழா நாட்களில் வசம்பு இலையைப் பரப்பினார்கள். மிதிபட மிதிபட மணக்கும். அமெரிக்காவில் ஷேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கிழங்கைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து மிட்டாயாக விற்றார்கள். வால்ட் விட்மன் 1860இல் தன் கவிதை வரிசை ஒன்றுக்கே இந்தச் செடியின் பெயரை வைத்தார். கிழங்கிலிருந்து காய்ச்சி வடித்த எண்ணெய் கசப்பு மதுவிலும் வெர்மூத்திலும் வாசனைத் திரவியத்திலும் சோப்பிலும் கலந்தது.

பிறகு எலிகளின் முறை. 1960களில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் ஜம்மு வசம்பின் எண்ணெயை எலிகளின் தீனியில் கலந்து நீண்ட நாள் கொடுத்தார்கள். பத்து லட்சத்தில் 500 பங்கு முதல் 5,000 பங்கு வரை அளவு. எலிகளின் சிறுகுடலில் புற்றுக்கட்டிகள் வந்தன. பழி அந்த எண்ணெயிலிருக்கும் பீட்டா அசரோன் என்ற பொருளின் மேல் விழுந்தது. 1968 மே மாதம் வசம்பும் அதன் எண்ணெயும் சாறும் அமெரிக்க உணவில் தடை செய்யப்பட்டன.

இதே பீட்டா அசரோனுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1977இல் ஜம்மு ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள், அது பூச்சிகளை மலடாக்குகிறது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். தஞ்சை சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளுக்கு இடையே வைக்கும் பூச்சி விரட்டிப் பொட்டலத்தில் கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை, கர்ப்பூரத்தோடு வசம்பும் இருப்பதற்கு அறிவியல் சாட்சி கிடைத்துவிட்டது. நம் முன்னோர் அதை ஏட்டுக்கும் வைத்தார்கள், பிள்ளைக்கும் கொடுத்தார்கள். முதலாவது அசாத்திய கெட்டிக்காரத்தனம். இரண்டாவதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் எல்லா வசம்பும் ஒன்றல்ல. குரோமோசோம் தொகுதி இரண்டே உள்ள அமெரிக்க நாட்டு வசம்பில் பீட்டா அசரோன் கிடையாது. மூன்று தொகுதி உள்ள ஐரோப்பிய வகையில் குறைவு. தெற்கு, கிழக்கு ஆசியாவில் வளரும் நான்கு தொகுதி வகையில்தான் உச்சம். இந்திய எண்ணெயில் முக்கால் பங்குக்கு மேலும் அதுவாகவே இருப்பதுண்டு. (அமெரிக்கச் சட்டம் இந்த வித்தியாசமெல்லாம் பார்க்கவில்லை, உள்ளூர் அப்பாவியையும் சேர்த்தே உள்ளே தள்ளியது.) ஐரோப்பிய ஒன்றியம் நிதானமாக வகை பிரித்தது. நான்கு தொகுதி வசம்பை உணவு மணமூட்டிகள் தயாரிக்கப் பயன்படுத்தவே கூடாது; மதுவில் பீட்டா அசரோன் கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அழகுப் பொருட்களுக்கு உலக வாசனைப்பொருள் சங்கம் வகுத்த எல்லை 0.01 சதவீதம். இந்தியாவும் சும்மா இல்லை: 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளில், உணவில் மணமூட்டியாகச் சேர்க்கக் கூடாதவற்றின் பட்டியலில் பீட்டா அசரோன் இருக்கிறது.

ஆக, ஜெர்மன் புத்தகத்தில் வசம்பு நல்லது என்று படித்துவிட்டு நம்மூர் எண்ணெயைக் குடிப்பது ஆள்மாறாட்டம். ஸ்வீடனில் கிறக்கத்துக்காக இந்த எண்ணெயைக் குடித்தவர்கள் பல மணி நேரம் வாந்தி எடுத்து மருத்துவமனைக்குப் போனார்கள்.

வசம்பால் மனிதருக்குப் புற்றுநோய் வந்தது என்று யாரும் நிறுவவில்லை. எலிகள் தின்ற அளவும் பெரிது. நம் வைத்திய மரபும் அதைப் பச்சையாக நம்பவில்லை. சுத்தி செய்யாமல் உள்ளுக்குக் கொடுக்காதே என்கிறது. ஆயுர்வேத அளவு பெரியவர்களுக்கே மில்லிகிராம் கணக்கில்தான். சுட்டுக் கரியாக்கும்போது ஆவியாகும் எண்ணெயில் பெரும்பகுதி போய்விடும் என்பது நியாயமான ஊகம். ஆனால் எவ்வளவு போகும், எவ்வளவு மிஞ்சும் என்பது சுடுபவரின் கையையும் பொறுமையையும் பொறுத்தது. மேலே கருகி உள்ளே வேகாத துண்டும் உரைகல்லுக்கு வரத்தான் செய்கிறது. வாயில் போட்டுச் சப்பும் வளையல் துண்டோ சுடாத பச்சை வசம்பு.

புத்தக அலமாரியிலும் அரிசிப் பானையைச் சுற்றியும் தாராளமாக வையுங்கள். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். வளையல் கட்டியே தீர வேண்டும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால், குழந்தையின் வாய்க்கு எட்டாதபடி தொட்டில் கயிற்றில் கட்டச் சொல்லுங்கள்.