பூனைக்கு ஒரு வாயில்

பெருங்கோயில்களின் வாயிற் கதவைக் கவனித்துப் பார்த்தோர், அதன் அடிப்பாகத்திலே ஓராள் குனிந்து நுழையத்தக்க சிறு கதவொன்று அமைந்திருத்தலைக் கண்டிருப்பர். திட்டிவாசல் என்பது அதன் பெயர். பெரிய கதவைத் திறவாமலே போக்குவரவு செய்தற்கு முன்னோர் கண்ட உபாயம் அது. பழைய கோட்டைகளிலும் இவ்வாறு சிறு வாயில்கள் இருந்தன. அவற்றைப் புழை என்று வழங்கினர். புழைக்கடை என்னும் சொல்லிலே அப்பெயர் இன்றும் வாழ்கின்றது. இன்று நாம் ஆராயப் புகுவது இவையெல்லாவற்றிலும் சிறிய ஒரு வாயில். பூனை போய்வருவதற்கென்று வீட்டுக் கதவின் அடியிலே வெட்டப்படும் துவாரம் அது. பூனைப்புழை என்று அதனை அழைப்போம்.

நம் நாட்டு வீடுகளிலே இத்தகைய புழையை நேயர்கள் பெரும்பாலும் கண்டிருக்க மாட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. நம் பழைய வீடுகளிலே பூனைக்கு அடைபட்ட வழியென்று ஒன்று இருந்ததில்லை. முற்றம் திறந்து கிடக்கும். சுவருக்கும் ஓட்டுக்கும் இடையே வெளி இருக்கும். அடுக்களையிலே புகை போவதற்கு வழி இருக்கும். வேலியிலே பொட்டு இருக்கும். கொம்பறையிலும் குதிரிலும் நெல் இருந்த வீடுகளிலே எலியும் இருந்தது. எலி இருந்த இடத்துக்குப் பூனையும் தானாகவே வந்து போயிற்று. அதற்கென்று தச்சனை அழைக்க வேண்டியிருக்கவில்லை. குளிருக்கு அஞ்சிக் கதவையும் சாளரத்தையும் இறுகச் சாத்தி வைக்கும் நாடுகளிலேதான் பூனைக்கு வழி விடுவது ஒரு பிரச்சினையாயிற்று. ஆதலின் பூனைப்புழையின் வரலாற்றை அறிய நாம் ஐரோப்பாவுக்கே செல்ல வேண்டும்.

பிரெஞ்சு மக்கள் இதனைச் சத்தியேர் என்பர். இசுப்பானிய மக்கள் கத்தேரா என்பர். இத்தாலியர் கத்தயோலா என்பர். மூன்று மொழியிலும் பூனையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே இப்பெயர் பிறந்தது. ஒரு பொருளுக்குத் தனிப்பெயர் வழங்குமாயின் அப்பொருள் அம்மக்களிடையே நெடுங்காலம் பழகியது என்று கொள்ளலாம். இசுப்பானிய நாட்டுக் கிராமங்களிலே, பழைய மரக்கதவுகளின் மூலையில் அரைவட்டமாகவோ வட்டமாகவோ வெட்டப்பட்ட கத்தேராக்களை இன்றும் காணலாம்.

இப்புழையை வெட்டியவர்கள் பூனையின் மீது கொண்ட அன்பினால் வெட்டினார்களா? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு வேல்சு நாட்டுப் பழைய சட்டம் ஒன்று உதவுகின்றது. 10ஆம் நூற்றாண்டிலே அந்நாட்டை ஆண்ட ஹவெல் தா என்னும் அரசனின் பெயரால் வழங்கும் சட்டத்தொகுதி அது. நமக்குக் கிடைத்துள்ள ஏடுகள் 13ஆம் நூற்றாண்டு முதலாக எழுதப்பட்டவை. அதிலே பூனைக்கு விலை விதிக்கப்பட்டிருக்கின்றது. பிறந்த குட்டி கண் திறக்கும் வரை அதன் விலை ஒரு பென்னி. கண் திறந்தபின் எலி பிடிக்கத் தொடங்கும் வரை இரண்டு பென்னி. எலி பிடிக்கத் தொடங்கிய பின்னர் நான்கு பென்னி. விற்கப்படும் பூனைக்குக் கண்பார்வையும் செவிப்புலனும் குறைவின்றி இருத்தல் வேண்டும். நகம் பழுதுபடாது இருத்தல் வேண்டும். எலியைக் கொல்லுதல் வேண்டும். தன் குட்டியைத் தானே தின்னாது இருத்தல் வேண்டும்.

அரசனுடைய களஞ்சியத்தைக் காக்கும் பூனையை ஒருவன் கொன்றாலோ களவாடினாலோ அவனுக்குரிய தண்டம் இன்னும் சுவையானது. அப்பூனையின் தலை நிலத்திலே படும்படி வாலைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவார்கள். பின்னர் வாலின் நுனி மறையும் வரை அதன்மேல் கோதுமையைக் கொட்டுவார்கள். அவ்வளவு தானியமும் குற்றவாளி கொடுக்க வேண்டிய ஈடு. எதைக் காப்பதற்காகப் பூனை வளர்க்கப்பட்டதோ அதனாலேயே அதன் மதிப்பை அளந்த இச்சட்டத்தாரின் நுட்பம் வியக்கத்தக்கது. செல்லம் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமே இல்லை. பூனை ஒரு காவலாளி. காவலாளி இரவிலே களஞ்சியத்துக்குள் போகவேண்டும். கள்வனோ உட்புகுதல் கூடாது. கதவு பூட்டியிருக்கும்போதே பூனை மாத்திரம் உள்ளே போகும்படி செய்வதற்கு, அடியிலே ஒரு புழை வெட்டுவதைத் தவிர வேறு எளிய வழி யாது?

இதற்கு மிகத் தெளிவான சான்று இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள எக்செற்றர் நகரத்துப் பேராலயத்திலே கிடைக்கின்றது. அவ்வாலயத்தின் பழைய கணக்கேடுகளிலே, 1305 முதல் 1467 வரையான காலப்பகுதியில், பூனைக்கென்று கொடுத்த பணம் பணியாளரின் கூலியோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றது. மூன்று மாதத்துக்குப் பதின்மூன்று பென்னி. அதாவது வாரத்துக்கு ஒரு பென்னி. அரசர்களின் பெயர்களையும் போர்களையும் பற்றிய நூல்கள் எத்தனையோ இருக்க, பூனைக்குக் கூலி கொடுத்ததை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எழுதி வைத்த கணக்கப்பிள்ளைமாரை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். வரலாற்றாசிரியனுக்கு அவர்கள் செய்த உபகாரம் பெரிது.

அப்பேராலயத்தின் வடபுறத்துச் சிறகிலே வானியற் கடிகாரம் ஒன்று உண்டு. சூரியனும் சந்திரனும் பூமியைச் சுற்றிவருவனவாகக் காட்டும் பழைய கடிகாரம் அது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அதன் பொறிகளை இயக்கிய கயிறுகளுக்கு விலங்கின் கொழுப்பைப் பூசுவது அக்கால வழக்கம். கொழுப்பின் மணத்துக்கு எலிகள் வந்து கயிற்றைக் கடித்தன. கடிகாரத்தின் கீழே பொறியறைக்குச் செல்லும் கதவு ஒன்று இருக்கின்றது. 1598இல், வில்லியம் கொற்றன் என்பவர் அங்கே ஆயராயிருந்தபோது, அக்கதவின் அடியிலே வட்டமாக ஒரு துவாரம் வெட்டியதற்காகத் தச்சருக்கு எட்டுப் பென்சு கொடுக்கப்பட்டது. அத்துவாரம் இன்றும் இருக்கின்றது. சென்று காணலாம். எலி கடிகாரத்தில் ஏறி இறங்குவதாக ஆங்கிலக் குழந்தைகள் பாடும் பாட்டொன்று இக்கடிகாரத்தைப் பற்றியதே என்று அவ்வூரார் உரிமை கொண்டாடுவர். அதற்கு ஆதாரம் இல்லை; ஆனால் ஊர்ப்பற்றுக்கு ஆதாரம் வேண்டுவதுமில்லை.

எக்செற்றர்த் தச்சர் இதனைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று எண்ணிவிடுதல் கூடாது. அதற்கு இருநூறு ஆண்டுக்கு முன்னரே இங்கிலாந்தின் பெருங்கவிஞர் சோசர் தம் கன்ரபெரிக் கதைகளிலே பூனைப்புழையைப் பாடியிருக்கின்றார். ஆலைக்காரன் சொல்லும் கதையிலே, ஒக்சுபோட்டு நகரத்துத் தச்சன் ஒருவன் வீட்டில் மாணவன் ஒருவன் வாடகைக்கு இருக்கின்றான். அவன் அறையைத் தாழிட்டுக்கொண்டு ஓசையின்றி இருக்கவே, என்ன நேர்ந்ததோ என்று அறிய வேலைக்காரன் வருகின்றான். தட்டியும் கூப்பிட்டும் விடை இல்லை. பூனை நுழைவதற்கென்று பலகையின் அடியிலே இருந்த துவாரத்தினூடாகக் குனிந்து பார்க்கின்றான். புழையைப் பற்றிக் கவிஞர் விளக்கம் ஒன்றும் கூறாமற் செல்கின்றார். கேட்போர் ஒவ்வொருவர் வீட்டிலும் அது இருந்திருக்கும். விளக்குவதற்கு என்ன இருக்கின்றது?

இவ்வளவும் ஒருபுறமிருக்க, பூனைப்புழையை முதன்முதல் ஆக்கியவர் சேர் ஐசாக்கு நியூற்றனே என்று ஒரு கதை உலகெங்கும் வழங்குகின்றது. ஈர்ப்புவிசையை விளக்கிய அப்பேரறிஞர், தம் பூனைக்குப் பெரிய துவாரம் ஒன்றும் அதன் குட்டிக்குச் சிறிய துவாரம் ஒன்றும் வெட்டுவித்தாராம். பெரிய துவாரத்தினூடாகக் குட்டியும் போகலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லையாம். கேட்கச் சுவையாய் இருக்கின்றது. பேரறிஞரும் சில சமயம் நம்மைப்போல்தான் என்று எண்ணுவதிலே நமக்கு ஒரு திருப்தி உண்டல்லவா? அந்தத் திருப்தியே இக்கதையை இத்தனை காலம் காத்தது என்று நினைக்கின்றேன்.

ஆயினும் கதையை ஆராய்ந்தால் அது நிலைப்பதாக இல்லை. கேம்பிறிட்ஜிலே திரினிற்றிக் கல்லூரியிற் பயின்ற றைற்று என்பவர் 1827இல் வெளியிட்ட நினைவுநூலிலே இக்கதையைக் கூறுகின்றார். கதை மெய்யோ பொய்யோ, பூனைக்கும் குட்டிக்கும் ஏற்ற அளவினவாய் அடைக்கப்பட்ட இரண்டு துவாரங்கள் அக்கதவிலே இருப்பது மெய் என்பது அவர் கூற்று. நியூற்றன் கேம்பிறிட்ஜை விட்டு இலண்டனுக்குச் சென்றது 1696இல். இடையிலே நூற்றுமுப்பது ஆண்டுகள் கழிந்தன. அவ்வறையிலே அதன்பின் எத்தனை பேர் வாழ்ந்திருப்பர்! துவாரத்தை வெட்டியவர் யாரென்று மரம் சொல்லாது.

மாறாக, நேரிற் கண்டவர் ஒருவரின் சாட்சியம் உண்டு. 1680களிலே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நியூற்றனுக்கு எழுத்தாளராய்க் கூடவே இருந்தவர் ஹம்பிறி நியூற்றன் என்பவர். பெயர் ஒன்றாயினும் உறவினர் அல்லர். நியூற்றன் இறந்த பின்னர் 1728இல் அவர் எழுதிய கடிதத்திலே, அறிஞர் தம் அறையில் நாயோ பூனையோ வளர்க்கவில்லை என்று தெளிவாகக் கூறுகின்றார். ஆராய்ச்சியில் மூழ்கிய நியூற்றன் உண்ண மறந்து விட்டுவிடும் உணவெல்லாம், படுக்கை விரிக்கும் கிழவிக்கு வாய்த்தது என்றும் அவர் எழுதுகின்றார். பூனை இருந்திருந்தால் கிழவிக்குப் போட்டியாகியிருக்கும்! நியூற்றன் பிறப்பதற்கு 44 ஆண்டுக்கு முன்னரே எக்செற்றரில் எட்டுப் பென்சுக்குப் புழை வெட்டியாயிற்று என்பதையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புகழ்பெற்ற ஒருவரின் பெயரை எதிலும் ஒட்டிவிடுவது மக்கள் வழக்கம். பெயர் தெரியாத தச்சருக்குரிய பெருமை இவ்வாறுதான் கைமாறிப் போகின்றது.

பழைய புழை வெறுந்துவாரமே. பூனை புகும் வழியாகக் குளிர்காற்றும் புகுந்தது. 20ஆம் நூற்றாண்டிலே, மேற்புறம் கீல் பூட்டித் தொங்கவிட்ட சிறு மூடி வீடுகளிலே பரவிற்று. பூனை தலையால் முட்டினால் அது திறக்கும். பூனை கடந்தபின் தன் பாரத்தினால் மூடிக்கொள்ளும். காற்றிலே ஆடாதபடி அடியிலே சிறு காந்தம் பிடித்துக்கொள்ளும். இதனைப் பொருத்துவதிலும் சில நுட்பங்கள் உண்டு. பூனையின் காறையெலும்பு மற்றை எலும்புகளோடு பொருந்தாது தசையிலே தங்கியிருப்பது. ஆகையால் தலை நுழையும் வழியிலே தோளும் ஒடுங்கி நுழைந்துவிடும். துவாரத்தின் கீழ்விளிம்பு பூனையின் வயிற்றின் மட்டத்துக்கு இருத்தல் நன்று. அதனினும் உயர்ந்தால் முதிய பூனை வருந்தும். மரக்கதவிலே வாளால் வெட்டலாம். பதப்படுத்திய வன்கண்ணாடியிலோ பின்னர்த் துளையிட முடியாது. வெட்ட முயன்றால் முழுவதும் நொறுங்கிவிடும். துவாரத்தோடு கூடிய புதுக் கண்ணாடியையே தொழிற்சாலையிற் செய்வித்தல் வேண்டும்.

கதவைப் பூட்டியதனால் வேலை முடிந்துவிடுவதில்லை. பூனை அதனைச் சந்தேகத்தோடுதான் நோக்கும். முதற் சில நாட்களுக்கு மூடியை உயர்த்திக் கட்டிவைத்து, மறுபுறத்திலே உணவை வைத்து அழைப்பார்கள். பின்னர் மூடியைச் சிறிது சிறிதாகத் தாழ்த்துவார்கள். பூனையைப் பிடித்துத் துவாரத்தினூடாகத் தள்ளுபவர் அதன் நம்பிக்கையை இழப்பர். பூனை தானாக நுழையும் வரை பொறுத்திருத்தலே வழி.

பழகியபின் வேறொரு துன்பம் தொடங்கும். தன் வீட்டுப் பூனைக்குத் திறக்கும் கதவு அயல்வீட்டுப் பூனைக்கும் திறக்கும். அந்நியப் பூனை நள்ளிரவிலே உட்புகுந்து, இருந்த உணவைத் தின்று, வீட்டுப் பூனையையும் அடித்துவிட்டுப் போகும். இதனைத் தடுக்கக் கழுத்துப் பட்டியிலே காந்தம் கட்டினார்கள். அந்தக் காந்தம் அணுகினாலன்றிக் கதவின் தாழ் விலகாது. ஆனால் பூனை ஊர்சுற்றித் திரும்பும்போது அக்காந்தத்திலே ஆணியும் இரும்புத் துண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. பட்டியை எங்கேனும் தொலைத்த பூனை தன் வீட்டு வாயிலிலேயே அந்நியமாய் நின்றது.

இத்துன்பத்தைத் தீர்த்தது, அரிசிமணியளவான நுண்சில்லு ஒன்று. அது பூனையின் தோலுக்கடியிலே செலுத்தப்படுகின்றது. அதற்குள் பற்றரி இல்லை. கதவிலுள்ள கம்பிச்சுருள் அனுப்பும் வானொலி அலையிலிருந்தே வலுவைப் பெற்று, தனக்குரிய பதினைந்து இலக்கங்களை அது அறிவிக்கின்றது. கதவு தன் நினைவிலுள்ள இலக்கத்தோடு ஒத்துப் பார்த்த பின்னரே திறக்கும். இவ்வகைக் கதவுகளுள் நன்கறியப்பட்ட ஒன்றை ஆக்கியவர் கேம்பிறிட்ஜைச் சார்ந்த பௌதிகவியலாளர் ஒருவர். நியூற்றன் பெயரால் வழங்கும் பொய்க்கதைக்கு அந்நகரம் ஒருவாறு ஈடு செய்துவிட்டது எனலாம். இங்கிலாந்திலே 2024 யூன் 10 முதல், வீட்டுப் பூனை ஒவ்வொன்றுக்கும் இருபது வார வயதுக்குள் இச்சில்லு பொருத்தப்படல் வேண்டும் என்பது சட்டம்.

எக்செற்றரில் 1598இல் வெட்டிய புழை, எலி கொல்வதற்காகப் பூனையை உள்ளே விட்டது. 2019இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்தவர் ஒருவர் தம் வீட்டுக் கதவிலே படக்கருவியையும் கணினியையும் பொருத்தினார். அவருடைய பூனை எலியோ பறவையோ கௌவி வந்தால் கணினி அதனைக் கண்டறியும். கதவு பதினைந்து நிமிடத்துக்குப் பூட்டிக்கொள்ளும். எந்தத் தொழிலுக்காகப் பூனைக்கு வாயில் கிடைத்ததோ, அந்தத் தொழிலைச் செய்துவந்ததற்காக வாயில் அடைபடுகின்றது! அவுத்திரேலியத் தலைநகராகிய கன்பராவிலோ, 2022 யூலை 1ஆந் தேதியும் அதன் பின்னரும் பிறந்த பூனைகள் உரியவரின் வளவுக்குள்ளேயே அடங்கியிருத்தல் வேண்டும் என்று விதித்திருக்கின்றார்கள். அந்நாட்டுப் பறவைகளையும் சிற்றுயிர்களையும் காப்பதே நோக்கம். பூனைக் கதவை அங்கே இன்னும் பொருத்துகின்றார்கள். அதன் மறுபுறத்திலே கம்பிவலை அடித்த கூடம் இருக்கின்றது. பூனை வெயில் காய்ந்துவிட்டு அதே வழியாகத் திரும்பி வருகின்றது.